கைப்பிடி வைத்த கால்சட்டை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனின் கால்சட்டை இடுப்பில் தோல் கைப்பிடிகள் வைத்துத் தைத்த காலம் அது. எதிரணி அவன் காலைப் பிடித்துக்கொண்டால், சொந்த அணி கைப்பிடியைப் பற்றி அவனைக் கோட்டுக்கு அப்பால் இழுத்துப் போடும். லூதருக்கு அவற்றைத் தைத்துக் கொடுத்தவள் அவன் அக்கா எட்னா. ஒரு முறை தையல் விட்டு ஆட்டம் தோற்றதால், அடுத்த ஆட்டத்துக்கு மெழுகு நூலை இரட்டையாகப் போட்டுத் தைத்தாள். அன்று இரண்டு அணியும் விடாமல் இழுத்தன. தையல் விடவில்லை. லூதரின் முதுகெலும்புதான் விட்டுப்போனது.

மறு வருடம் அணித்தலைவன் வாரன் புதுக் கால்சட்டையோடு வீட்டுக்கு வந்தான்.

“யாருடா என் இடத்துல?” என்றான் கட்டிலில் கிடந்த லூதர்.

“முதல் வருஷத்துப் பையன். உன்னை மாதிரி முரடன் இல்ல. அக்கா தச்சுக் குடுத்தா அவனுக்கும் தைரியமா இருக்கும்.”

“நல்லா இறுக்கித் தச்சுக் குடுக்கா. பாதி ஆட்டத்துல பிஞ்சா கேலி பண்ணியே கொன்னுடுவானுங்க.”

எட்னா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மெழுகு நூலைத் தொடாமல், சட்டைப் பொத்தான் தைக்கும் மெல்லிய நூலை ஊசியில் கோத்தாள். தைத்து முடித்ததும் வாரன் கை நீட்டினான்.

“இருடா, நான் இழுத்துப் பாக்கறேன். என் கைக்கு என்ன கேடு?” என்று லூதர் வாங்கிக்கொண்டான்.

கைப்பிடிகளைப் பற்றித் தையலைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் ஊசியைப் பிடித்தபடி நின்றாள். கைப்பிடிகளை அவன் இழுக்கவே இல்லை.

“இரும்பு மாதிரி இருக்கு,” என்றான். “எடுத்துட்டுப் போ.”