கீழே ஓர் அறை

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். பாலைக் காய்ச்சி, பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தான். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கி, வாசல் கதவைத் திறந்து வைத்தான்.

நகராட்சி அதிகாரி சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார். அதுவே பெரிய அதிசயம்.

அவர் பார்க்க வந்தது ஓர் அறையை. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே காலியாக விட வேண்டிய இடத்தில் கட்டியது. படியேற முடியாத நோயாளி வீட்டில் இருந்தால் மட்டும் அதற்கு அனுமதி உண்டு. இல்லையென்றால் இடித்துவிட வேண்டும்.

மனைவிக்காக மனுவைக் கொடுத்துவிட்டு நாயாய்ப் பேயாய் அலைந்தான். அனுமதி வரத்தான் வந்தது, அவள் இறந்த மறுவாரம்.

வந்த அனுமதியை என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டினான்.

"அம்மா எங்க சார்?" என்றார் அதிகாரி.

வாய் முந்திக்கொண்டது. "மேல தூங்குறா."

பக்கத்தில் நின்ற கொத்தனார் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவளைத் தூக்கிப் போனபோது தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

அதிகாரி தங்கமான மனிதர். உடனே குரலைத் தாழ்த்தினார். ஷூவைக் கழற்றிவிட்டுப் பூனை போல நடந்தார். அளவு டேப்பைக்கூட விரலால் தடுத்துத் தடுத்து, சத்தம் வராமல் சுருட்டினார்.

கதவின் அகலம் சரி. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் சரி. கழிவறையில் கைப்பிடிக் கம்பி இல்லை.

"நாளைக்கு அவங்க வழுக்கி விழுந்தா யாருங்க பதில் சொல்றது?" என்று கடிந்துகொண்டார். அதையும் கிசுகிசுப்பாகவே.

வாங்கிப் போட்ட கம்பி மூலையில்தான் கிடந்தது. கொத்தனார் துளை போடும் மெஷினை எடுத்தார்.

"யோவ், ஆள் தூங்குறாங்கய்யா!"

கொத்தனார் அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

கொத்தனார் உளியின் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பொத்துப் பொத்தென்று தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டு கொஞ்சம் பலமாக விழுந்தபோது மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

நல்லவேளை, யாரும் எழுந்திருக்கவில்லை.

கம்பி ஏறியதும் அதிகாரி அதில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே, "ரூமப் பத்தி என்ன சொல்றாங்க அம்மா?" என்று கேட்டார்.

"எப்ப முடியும், எப்ப முடியும்னு ஒரே நச்சரிப்பு."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவள் அப்படி நச்சரித்ததே இல்லை. கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கு ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கினார்கள். கீழே வைத்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. இந்த இடத்தை ஒரு பார்வை பார்த்தாள். அப்போது இங்கே மண்தான் இருந்தது. பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதான் கீழ இறக்கியாச்சே. இனிமே எதுக்குப்பா ரூமு? போயி அந்த மனுவ வாபஸ் வாங்கிடு."