சட்டைப்பையில் ஒரு சிப்பி

மில்லின் நாலு மணிச் சங்கு ஊதி அடங்குகிறது. துவைக்க எடுத்த சட்டையின் பையில் முத்துச்செல்விக்கு ஒரு சிப்பி அகப்படுகிறது. கழுகுமலைக்கு என்று சொல்லி, நேற்று அவள் கணவர் ராஜமணி போட்டுப்போன சட்டை. விலங்கியல் படிக்கும் பக்கத்து வீட்டு விஜி சிப்பியை வெயிலில் புரட்டுகிறாள். முதுகில் தடித்த வரிகள். மூட்டில் சீப்பின் பற்களைப் போலப் பொடிப்பற்கள். "ஏட்டி, கம்மாச் சிப்பிதானே?" என்கிறாள் முத்துச்செல்வி. "இல்ல அத்தை. அது வழுவழுன்னு மெல்லிசா இருக்கும். இது கடல்ல உள்ளது." வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள் வேம்பார்க் கடற்கரையில் குடியிருக்கிறாள். அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்ற ராஜமணி, உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார். முத்துச்செல்வி சிப்பியை அவர் முன்னால் வைக்கிறாள். ஆற்றும் கை நிற்கிறது.

"நம்ம பிள்ள மெலிஞ்சிருக்காளா?"