பச்சை டிக்

மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதும் அறையில் ஏ.சி. இரைகிறது. சீனியர் அக்கா திரையைச் சுட்டுகிறாள். மருந்துப் பதிவுகளைச் சோதிக்க அவள் எழுதிய எக்ஸ்எம்எல் இலக்கணத்தில், அதாவது விதித்தொகுப்பில், ‘மருந்தளவு’ என்றால் எண்ணோடு அலகும் கட்டாயம். அதற்குள் பக்கத்து நாற்காலிக்காரன் பொதிந்த உள் இலக்கணம், அவளுடைய அந்த விதியை, வெளி இலக்கணத்தைச் சுட்டும் ‘பேரண்ட்’ என்ற ஒரு சொல்லால் அப்படியே வாங்கியிருக்கலாம். இவனோ அதே பெயரில் புதிதாக ஒன்று எழுதி, அலகை விட்டுவிட்டான். “பேரு ஒண்ணுதானேக்கா,” என்று காபிக் கோப்பையின் விளிம்பைத் தேய்க்கிறான். “உன் பேர்ல இன்னொருத்தன் இருந்தா, உன் சம்பளத்த அவனுக்குப் போட்டுடலாமா?” மருந்தளவில் அலகில்லாமல் வெறும் ஐந்தைத் தட்டுகிறாள். திரை கூசாமல் ‘சரி’ என்று பச்சை டிக் காட்டுகிறது. விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளுகிறாள். “இது உங்கம்மாவோட மருந்துச் சீட்டுன்னு வச்சுக்க. அஞ்சு மில்லிகிராமா, அஞ்சு கிராமா?” அவன் விரல் கோப்பையின் விளிம்பிலேயே நிற்கிறது. டிக் அணையவில்லை.