மாதையன் வீட்டு ஜெபம்

மலையில் மழை வலுக்க, மூடுபனி வாசல் தாண்டி வந்து அடுப்புப் புகையோடு கலக்கிறது. மாதம்மாளின் கால் புண்ணுக்குக் கட்டுப்போட்டு முடித்த மிஷன் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஏசுபாதத்திடம் அவள் தேனும் தினைமாவும் நீட்டுகிறாள். கிண்ணத்தடியில் பட்ட அவள் விரல் நகரவில்லை. அவன் விரலும்தான். “எங்க வூட்டுக்காரரு சந்தைக்குப் போய்ட்டாரு. நாளைக்கித்தான் வருவாரு. மழ வுட்டதும் போங்களேன்.” எந்த வீட்டில் சாப்பிட்டாலும் வீட்டாரைப் பேர் சொல்லி ஜெபிப்பது அவன் வழக்கம், கண் தானாக மூடுகிறது. “ஆண்டவரே, இந்த வீட்டு மாதையனை…” மறுபடி சொல்கிறான். “மாதையனை ஆசீர்வதியும்.” அவன் விரல் விலகுகிறது. “எம்பேரயும் சொல்லுங்க,” என்கிறாள் அவள், தலை குனிந்து. சொல்கிறான். தகர மருந்துப் பெட்டியைத் தலைக்குமேல் பிடித்தபடி மழையிலேயே இறங்கி நடக்கிறான். தகரத்தில் விழும் துளிகள் அந்த இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றிச் சொல்கின்றன.