அப்பாக்களுக்கான தலைப்பு

ஒரே செய்திக்கு, படிப்பவர் யாரென்று பார்த்து ஆளுக்கொரு தலைப்பைச் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் எழுதும். அதைப் படித்துப் பார்த்து அனுப்பி வைப்பதுதான் தூத்துக்குடிச் செய்தி நிறுவனம் ஒன்றில் பிளெஸ்ஸிக்கு வேலை. அன்று வந்தது, கைக்குழந்தைகளின் எடை குறைந்துவருவதைப் பற்றிய அறிக்கை. பாலூட்டும் பெண்களுக்கு அரசு தரும் முட்டையும் சத்துமாவும் ஐந்து மாதமாக நின்றுபோயிருப்பது அதன் மூன்றாம் பத்தியில் இருந்தது. எந்தத் தலைப்பிலும் இயந்திரம் அதைத் தொடவில்லை. அப்பாக்களுக்கு, 'உங்கள் மனைவியின் பால் போதுமானதா?' என்று எழுதியிருந்தது.

பிளெஸ்ஸிக்கு உறுத்தியது. ஆனால் மார்பு கனத்து ரவிக்கை நனையத் தொடங்கியிருந்தது. நாலு மாதக் குழந்தை பசித்திருக்கும். அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காலிப் புட்டி.

"எதுக்கு மாவுப்பால் குடுத்தீய? நான் வர்ற நேரந்தானே?"

"ஒம் பாலு பத்தலையோன்னு பயந்துட்டேன்." கணவன் ராயப்பன் போனை நீட்டினான். "நியூஸ்ல வந்திருக்கு பாரு. தெரியாமலா போடுவாங்க?"

"போட்டது நான்தான்."

அவள் நின்றபடியே மேலதிகாரியை அழைத்து, அந்தத் தலைப்பைத் திரும்ப எடுக்கச் சொன்னாள்.

"தொண்ணூறாயிரம் வீட்டுக்குப் போயிருச்சேம்மா," என்றார் அவர். "நல்லா ஓடுது. அதுக்குக் கீழேயே விளம்பரம் போடணும்னு பால்மாவு கம்பெனி கேக்குது."

பிளெஸ்ஸி குழந்தையை எழுப்பி மார்போடு சேர்த்தாள். கன்னத்தில் பால் சொட்டிக்கொண்டேயிருக்க, வயிறு நிறைந்த பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது.