புதுசு மாதிரியே இருந்த தொப்பி

செவத்தையா வாயில் ஒரு கடைவாய்ப்பல் சொத்தையாகிப் போனது. டாக்டர் அதன் நரம்பை எடுத்து, சுற்றிலும் ராவிக் குட்டையாக்கி, மேலே 'கேப்' என்கிற ஒரு தொப்பியை ஒட்டிவிட்டார். உள்ளே உலோகம், வெளியே வெள்ளைவெளேர் என்று பீங்கான். தொப்பிக்குத் தலைகால் புரியவில்லை.

காலையில் பிரஷ் பக்கத்தில் வந்தால் போதும், "பீங்கானைப் பூச்சி அரிக்குமாய்யா? அந்த மஞ்சப் பயலுகளைப் போய்த் தேய்" என்று விரட்டும்.

"உத்தரவு துரை" என்று பிரஷும் தாண்டிப் போய்விடும். செவத்தையாவும், கேப் போட்ட பல்தானே என்று கண்டுகொள்ளவில்லை.

"தம்பி, என் கால்மாட்டுல மட்டுமாவது ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லேன். நேத்துத் தின்ன பட்டாணி கிடந்து நாறுது. அரிச்சுக்கிட்டே வருதுப்பா" என்றது உள்ளே இருந்த குட்டைப்பல்.

"மெதுவாப் பேசுங்கண்ணே! உள்ளே சொத்தைன்னு பக்கத்துப் பல்லுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிரும்."

குட்டைப்பல் கெஞ்சிக் கெஞ்சிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனது. வலித்துச் செவத்தையாவைக் கூப்பிடலாம் என்றால், அதற்கு நரம்பும் இல்லை.

ஒருநாள் அவர் முறுக்கைக் கடித்தார். மடக்கென்று சத்தம் கேட்டது. ஈறோரம் அரித்துப்போயிருந்த குட்டைப்பல் ஒடிந்து, தொப்பியோடு கையில் வந்துவிட்டது.

டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேப் புதுசு மாதிரியே இருக்குங்க. மாட்டுறதுக்குத்தான் கீழே ஒண்ணுமில்லை."

தட்டில் கிடந்த தொப்பி, தனக்குள் ஒட்டியிருந்த துண்டிடம் சொன்னது: "கேட்டீங்களாண்ணே? புதுசு மாதிரியே இருக்கேனாம்."