கோல்கீப்பரின் கையெழுத்து

கையெழுத்து நிபுணர் கோல்கீப்பரின் படம் போட்ட அட்டையில் இருந்த கையெழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"போலிதானே சார்?" என்றாள், அதைக் கொண்டுவந்த பெண்.

"அசல்மா. கடைசி எழுத்தை அழுத்தி இழுக்கறது அவருக்கே உள்ள பழக்கம். நல்ல விலைக்குப் போகும்."

அவள் முகம் வெளிறியது. "இன்னொரு தடவை பாருங்க சார்."

"ஏம்மா இப்படிப் பதறுறீங்க?"

"நான் அவர் சம்சாரம். அவர் போய் ரெண்டு வருஷமாச்சு. அவர் நினைவா இந்த அட்டையை அடிச்சதே போன வாரம்தான். வெறும் அட்டையாத்தான் அலமாரியில வெச்சுப் பூட்டினேன். போலின்னு எழுதிக் கொடுங்க சார். நான் அந்த வீட்டுலதான் இருந்தாகணும்."

நிபுணர் சான்றிதழ்த் தாளை எடுத்தார். தொழிலுக்கு வந்த பிறகு முதல்முறையாக, ஓர் அசல் கையெழுத்தைப் போலி என்று எழுதி முத்திரை குத்தினார்.